இரண்டு கை அமிலம்

2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. காலை 6.45க்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். ஜன்னல்கள், மின்விசிறி, எரிவாயுக் குழாய்கள், கண் கழுவும் குழாய் என்று வழக்கமான வரிசையில் பார்த்து முடித்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன். ஈப்போ நகரில் இந்த இடைநிலைப்பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளராக எனக்கு இது இருபத்து மூன்றாவது ஆண்டு. பத்து மணிக்கு அமில அலமாரியைத் துடைத்தபோது, கந்தக அமிலப் புட்டியின் லேபிள் உரிந்து கையோடு வந்துவிட்டது. அதில் நீல மையில் ஒரு குச்சி மனிதன். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்திலிருந்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியில் இருப்பவனுக்கு ஒரே கை.

வரைந்தவர் என்னோடு ஆறு ஆண்டுகள் வேலை செய்த அண்ணன். தாப்பா பக்கம் ரப்பர் தோட்டத் தொழிற்சாலையில் பால் உறைய வைக்க அமிலம் கலந்தவர். தோட்டம் மூடப்பட்டதும் இங்கே ஒப்பந்த ஊழியராக வந்தார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். அவர் எதையும் எழுதமாட்டார். அது எனக்குப் பிடிக்காது.

அவர் வந்த இரண்டாம் ஆண்டு, வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள். மாணவர்கள் நிறங்காட்டி சேர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு மறையும் அளவைக் குறிக்க வேண்டும். எப்போதும் ஹைட்ரோகுளோரிக் கேட்பார்கள். அந்த ஆண்டு முதல்முறையாகக் கந்தக அமிலம் கேட்டிருந்தார்கள். அண்ணன் அதை ஒரு பெரிய கலத்தில் கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். நான் சோதித்துப் பார்த்தேன். இருபத்தைந்து மில்லிலிட்டர் கரைசலுக்குப் பன்னிரண்டரை மில்லிலிட்டர் அமிலத்திலேயே நிறம் போய்விட்டது. என் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஆண்டும் இருபத்தைந்து. இரண்டு அமிலத்துக்கும் ஒரே செறிவுதான் கேட்டிருந்தார்கள். செறிவு ஒன்றென்றால் அளவும் ஒன்றுதானே? இவர் பாதித் தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

அவருடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். தலைமையாசிரியர் வெள்ளிதோறும் பார்க்கும் பணிப் பதிவேட்டில், நாற்பத்தேழாம் பக்கத்தில், அவர் பெயரைப் போட்டு எழுதினேன்: “அமிலம் இரு மடங்கு செறிவாகக் கலக்கப்பட்டது. கவனக்குறைவு.” எழுதிவிட்டு, கலத்திலிருந்த ஐந்து லிட்டரிலும் தண்ணீர் சேர்க்கக் குடத்தைத் தூக்கினேன்.

“அக்கா, என்னா செய்றீங்க?” வாசலில் அவர்.

“நீங்க செஞ்சதச் சரி பண்றேன். பன்னெண்டரையிலேயே முடிஞ்சிருச்சு.”

“அப்படித்தான் முடியணும். மொதல்ல குடத்தக் கீழ வைங்கலா. கந்தகத்துக்கு ரெண்டு கை. ஒவ்வொரு கையிலயும் ஒரு சோடாவப் பிடிச்சுக்கும். மத்தவனுக்கு ஒரு கைதான். இவன் பாதி வந்தாப் போதும்.”

“யார் சொன்னா?”

“டீச்சர்தான், போன மாசம் நாலாம் பாரம் வகுப்புல. பின்னால நின்னு குடுவை கழுவினேன். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கு?”

நான் நம்பவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு வேதியியல் ஆசிரியையை அழைத்து வந்தேன். அவர் என் எண்ணைப் பார்த்ததும் சொன்னார்: “பன்னிரண்டரைதான் வரணும். ஒரு மூலக்கூறு கந்தக அமிலம் இரண்டு ஹைட்ரஜன் அயனி தரும்.” கீழே வைத்த குடம் இன்னும் நிரம்பியே இருந்தது. ஊற்றியிருந்தால் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் விடை தவறியிருக்கும், பழி அவர் தலையில் விழுந்திருக்கும். என் குறிப்பேட்டில் எண் இருந்தது. எந்த அமிலத்துக்கான எண் என்பது இல்லை.

அவர்கள் போனதும் நாற்பத்தேழாம் பக்கத்தைக் கிழித்தேன். என் பதிவேடுகளில் காணாமற்போன ஒரே தாள் அதுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் அவர் புட்டிகளில் இந்த மனிதர்களை வரைந்தார். பக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குத் தொலைபேசினேன். லூமுட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்கா. எம் பேரப் பெரிசா எழுதி, புத்தகத்தத் தொறந்து போட்டுட்டு டீச்சரக் கூப்பிடப் போனீங்க. சாயங்காலம் பாத்தேன், நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தொம்போது. அப்புறந்தான் சோறு எறங்குச்சு.”

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கிழிச்சிட்டீங்கல்ல, இன்னும் என்னா கேக்க? அவ்ளோ சுத்தமாக் கிழிச்சிருந்தீங்க, ஸ்கேல் வெச்சுத்தானே?”

ஸ்கேல் வைத்துத்தான். இத்தனை ஆண்டுகளில் அன்றைக்குத்தான் அதை நினைத்து என்னால் சிரிக்க முடிந்தது.

மறுநாள், புதன்கிழமை, 6.45க்குத் திறந்தேன். ஜன்னல்களுக்குப் போகவில்லை. முதலில் புது லேபிள் வெட்டி, அமிலத்தின் பெயரை எழுதி, அதன் கீழே இரண்டு கைகளோடு ஒரு மனிதனை வரைந்தேன். கைகள் ஒரே நீளத்தில் அமையவில்லை. அப்படியே ஒட்டினேன்.