ஏழுமலை மாமன் மங்கலாக விழுந்த காதுகுத்து

நண்பர் ஒருவர் போன வாரம் வாட்சப்பில் ஒரு லென்ஸ் படத்தை அனுப்பி, "வாங்கலாமா, இந்த விலைக்குத் தகுமா?" என்று கேட்டிருந்தார். விலையைப் பார்த்தேன். மடுகரைப் பக்கம் கறவை மாடும் கன்றும் வாங்கி, மீதியில் கொட்டகையும் போட்டுவிடலாம். நண்பருக்கு மாடு வளர்க்கும் உத்தேசம் இல்லை என்பதால் அதை எழுதவில்லை. பதிலுக்குப் பதிலாகப் பரண்மேல் கிடந்த கேமரா பையை இறக்கித் திறந்தேன்.

அந்தப் பைக்கு ஒரு வாசனை உண்டு. நாப்தலீன் உருண்டை, பழைய ரப்பர், அதற்கடியில் எத்தனையோ பந்திகளின் பிரியாணி. உள்ளே துணியில் சுற்றி, தனசேகர் விட்டுப்போன லென்ஸ் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள் கண்ணாடி முழுக்கப் பூஞ்சை, கோலம் போட்ட மாதிரி. எங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு விலை உயர்ந்தது, விலை குறைந்தது என்ற பாகுபாடெல்லாம் கிடையாது.

தனசேகரும் நானும் வில்லியனூரில் கடைத்தெரு மாடி ஒன்றில் ஸ்டூடியோ வைத்திருந்தோம். அவன் கேமரா, நான் லைட். லைட் பிடிப்பது கேவலமான வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று நான் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். பந்தியில் என்னை மேளக்காரர்களோடு உட்கார வைப்பார்கள்.

தனசேகருக்கு ஒரு கனவு இருந்தது. புதுச்சேரி கடற்கரையோரம் வெள்ளைச் சுவர்களுக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் கல்யாணத்துக்கு முன்பே படம் எடுத்துக்கொள்கிறார்களே, அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது கேமராவோடு சும்மா வந்த லென்ஸ்தான் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். இரவலும் கடனுமாக அலைந்து, இந்த லென்ஸை வாங்கி வந்தான். "படத்துல கண்ணு மட்டும் கத்தி மாரி இருக்கும்டா. பின்னாடி இருக்கறது எல்லாம் கரஞ்சி போயிடும்" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதன் பெட்டியைக்கூட மேசைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன்.

லென்ஸுக்கு முதல் வேலை, மடுகரையில் அஞ்சலை என்ற அக்காவின் மகனுக்குக் காதுகுத்து.

எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் எப்பேர்ப்பட்ட முன்கோபியாக இருந்தாலும் அந்த மடிக்கு மாற்று மடி கிடையாது. அஞ்சலையின் அண்ணன் ஏழுமலை பாகூரில் கரும்பு வைத்திருந்தார். வாய்க்காலோரத்து நிலத்துண்டு ஒன்றுக்காக அண்ணனும் தங்கையும் வருடக்கணக்கில் முகம் பார்த்துப் பேசவில்லை. காதுகுத்துக்கு அவர் வருவாரா என்று இரண்டு ஊரும் காத்துக்கொண்டிருந்தன. வந்தார். டிராக்டரில், பேண்டு செட்டோடு, தட்டுத் தட்டாகச் சீர் எடுத்துக்கொண்டு, மாலை போட்ட ஆட்டுக்கடாவோடு வந்தார். வந்தவர் தங்கையிடம் பேசினார் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நின்றவரிடம், "கொழந்தைய கொண்டாரச் சொல்லு" என்றார். அவளும் அதே ஆளிடம், "தண்ணி குடிச்சாரான்னு கேளு" என்றாள். அந்த மனிதர் அன்றைக்கு மிகவும் களைத்துப்போனார்.

ஆசாரி குத்தினார், குழந்தை வீறிட்டது, தனசேகர் சுட்டுத் தள்ளினான். நான் லைட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய காரியம் நடப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆல்பத்தைக் கொண்டுபோன அன்று ஏழுமலையும் வந்திருந்தார். ஆல்பம் என்றால் எங்கள் ஊர்களில் சாதாரணமில்லை. உறவுக்காரர் வீடெல்லாம் சுற்றி வரும். ஆல்பத்தில் இல்லாதவர் விசேஷத்துக்கு வராதவர். அவர் மெதுவாகப் புரட்டினார். குழந்தையின் கண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தது. இமைமயிரை எண்ணலாம். குழந்தைக்குப் பின்னால் ஏதோ ஒரு வெள்ளைச் சட்டை, அதன்மேல் மாவு உருண்டை போல ஒரு தலை. முன்னால் மஞ்சளும் பச்சையுமாகச் சில தீற்றல்கள்.

"இது யாருடா?" என்றார் ஏழுமலை.

"நீங்கதாண்ணா" என்றான் தனசேகர்.

"இது இன்னாது, பச்சையா?"

"சீர்த்தட்டுண்ணா. அப்படிக் கரையறதுக்குத்தான் இந்த லென்ஸுக்கு எம்மா வெல தெரியுமா?"

ஏழுமலை ஆல்பத்தை மூடினார். "எங்க அத்தைக்குக் கண்ணுல பொர வந்தப்ப இப்படித்தான் தெரிஞ்சிதாம். அதுக்கு நாங்க பணம் கட்டி ஆபரேசன் பண்ணோம். நீ பணம் கட்டி வாங்கியாந்துக்கினியா?"

நான் சிரித்துவிட்டேன். தனசேகர் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஏழுமலை சிரிக்கவில்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. "நான் வரவே இல்லன்னு சொல்லுவானுங்கடா. தங்கச்சி வூட்டுக்கு வந்தேன்னு நாலு பேரு பாக்கணும்னுதானே அம்மாந்தொலவு மேளம் அடிச்சிக்கினு வந்தேன்" என்றார். பெரிய மனுஷன் ஒருவர் அப்படிச் சொல்லக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

அதுவரை கதவோரம் நின்ற அஞ்சலை உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் காலித் தாம்பாளங்கள். "மறுபடி எடுங்க" என்றாள்.

மறுபடி எடுப்பதென்றால் சீர் எங்கே? வாழைப்பழம் தின்றாகிவிட்டது. லட்டு தீர்ந்து பெட்டிதான் மிச்சம். ஆட்டுக்கடாவை நான் உட்பட எல்லோரும் சாப்பிட்டிருந்தோம். அஞ்சலை தெருவில் வீடு வீடாகப் போனாள். ஆப்பிள் தட்டில் தக்காளி வந்தது, லட்டுப் பெட்டி காலியாகவே அடுக்கப்பட்டது, பக்கத்து வீட்டு ஆடு ஒன்று மாலை போட்டுக்கொண்டு நின்றது.

"இது பொட்ட ஆடாச்சே" என்றார் ஏழுமலை, முதல்முறையாக நேராகத் தங்கையைப் பார்த்து.

"ஆல்பத்துல அதயெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"பாக்கத்தான் போறானுங்க. இப்ப பழைய லென்சு போடச் சொல்லிருக்கன். தக்காளி வரிக்கும் தெரியும்."

அண்ணனும் தங்கையும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எத்தனை வருடச் சிரிப்போ, அடங்க நேரமாயிற்று. குழந்தை மாமன் மடியைக் கண்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறியது. மடி என்றால் ஊசி என்று அதற்குப் புரிந்துவிட்டது. கடைசியில் அஞ்சலையே அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தடுமாறாமல் இருக்க அவர் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். சும்மா வந்த லென்ஸில் எல்லாமே விழுந்தது. தக்காளி, ஆடு, சுவரில் காய்ந்த வறட்டி, எதையும் விட்டுவைக்கவில்லை. தனசேகர் அந்தப் படத்தை எடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டே எடுத்தான்.

அவன் கடற்கரைக் கூட்டத்துக்குள் நுழையவில்லை. குவைத்துக்குப் போகும்போது லென்ஸை என்னிடம் கொடுத்து, பத்திரம் என்றான். பத்திரத்தின் லட்சணத்தைத்தான் மேலே சொன்னேனே. இப்போது சீர்த்தட்டு வாடகைக்கு வருகிறது, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. உள்ளே தக்காளியா ஆப்பிளா என்று எந்த லென்ஸாலும் சொல்ல முடியாது. ஏழுமலையின் கரும்பு நிலம் மனையாகிவிட்டது. அந்த விற்பனையில் அண்ணனும் தங்கையும் மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இந்த முறை இடையில் நின்று பேச்சைக் கடத்தக்கூட ஆள் இல்லை.

இந்த வருடம் ஏழுமலை இறந்துபோனார். பாகூர் பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அவர் சிரித்த படம் வேறு கிடைக்கவில்லை போலிருக்கிறது, எங்கள் காதுகுத்துப் படத்தைத்தான் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டை நீக்கி, தக்காளியை நீக்கி, தங்கையையும் நீக்கி, பின்னால் நீல மேகம் வைத்திருந்தார்கள். வெட்டியவன் அவசரக்காரன். தோளில் நான்கு விரல்கள் மட்டும் அப்படியே இருந்தன.

காரியம் முடிந்தபின் பேனர் எங்கே போயிற்று என்று அப்போது எனக்குத் தெரியாது. போன மாதம் மடுகரை வழியாகப் போனபோது அஞ்சலை வீட்டு ஆட்டுக்கொட்டகைக்கு அது கூரையாகியிருந்தது. வெள்ளைப்புறம் வானத்துக்கு, அச்சடித்த புறம் உள்ளே. எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. "இன்னாக்கா, அண்ணன் படத்த ஆட்டுக்கு மேல கட்டிட்டீங்க?" என்றேன்.

அவள் குனிந்து உள்ளே போய் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"மேல பாக்கப் போட்டா வெயில்ல மங்கிப்புடும்பா" என்றாள்.

நண்பருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.