தூக்க முகாம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு டாக்டரிடம் போய், என் நான்கு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கவே எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

குழந்தை என் தம்பி. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டினாள். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். சாயங்காலம் அதே வேனிலிருந்து இறங்கும்போதே அம்மா பேசிக்கொண்டுதான் இறங்குவாள். இன்றைக்குத் தைத்த ஷூ எந்த நாட்டுக்குப் போகிறது, சூப்பர்வைசர் யாரைத் திட்டினார், யார் டிபன் பாக்ஸில் என்ன குழம்பு, எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

தம்பி பிறந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. முதலில் பிரசவ அசதி என்றார்கள். அப்புறம் இரத்தம் கம்மி என்று முருங்கைக்கீரை கொடுத்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தூளியில் தம்பி கத்துவான். அவள் தூளியைப் பார்ப்பாள், ஆனால் எழுந்திருக்க மாட்டாள். நான் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்தால் யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல வைத்துக்கொள்வாள். காலையில் நான் எழும்போதெல்லாம் அவள் கண் திறந்தே இருக்கும். தூங்கினாயா என்று கேட்டால் இல்லை என்று தலையை அசைப்பாள்.

கண் பட்டுவிட்டது என்றார் அப்பா. ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு எங்களை சோளிங்கர் மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போனார். அத்தனை படிகளையும் அம்மா ஏறினாள். சாமியைப் பார்த்தாள். இறங்கினாள். வழியில் குரங்கு ஒன்று என் கையிலிருந்த பொரி பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மா அந்தக் குரங்கைக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, தம்பி தூளியில் கத்திக் கத்திச் சிவந்து கிடக்கிறான், அம்மாவைக் காணோம். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்த வீட்டு அம்மாவை நான் காலா என்று கூப்பிடுவேன். உருதுவில் அது பெரியம்மா, சின்னம்மா மாதிரியான உறவு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அது அவருடைய பெயர் என்றே நினைத்திருந்தேன். காலா தம்பியைத் தன் மூத்த மகளிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தார். யாரிடமும் விசாரிக்கவில்லை. நேராக ஆற்றுக்குப் போனார்.

பாலாற்றில் எப்போதும்போல மணல்தான் இருந்தது. அதன் நடுவில், உச்சி வெயிலில், செருப்பில்லாமல் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலா போய், அந்தக் கொதிக்கிற மணலிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். என்னைத் தன் நிழலில் நிற்கச் சொன்னார். வெகுநேரம் கழித்து, "வா தங்கச்சி, வெயில் ஜாஸ்தியா கீது. ஊட்டுக்குப் போலாம்" என்றார். அம்மா எழுந்து வந்தாள்.

அன்று சாயங்காலம் காலா அப்பாவிடம் என்னவோ சொன்னார். அப்பா தலை நிமிராமல், "கொஞ்ச நாள்ல சரியாய்டும்க்கா" என்றார். வேலூரில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போகலாமே என்றதற்கு, "அந்த வார்டு வாசல்ல நிக்கறத நம்ம ஆளுங்க யாராச்சும் பார்த்தா இன்னா ஆவறது?" என்று கேட்டார்.

அந்த வாரம்தான் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'தூக்கம் வரவில்லையா? மனதில் பாரமா? மாதம் ஒரு ஞாயிறு, மதரஸா கூடத்தில் தூக்க முகாம். டாக்டர் வருகிறார். எல்லோரும் வரலாம்.'

அந்த முகாமின் கதை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் பகுதிக் கிராம நர்ஸ் ஒருவர், வீடு வீடாகத் தடுப்பூசிக்குப் போகிறபோது மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் தொடங்கியது அது. வேலூரிலிருந்து மாதம் ஒருமுறை மனநல டாக்டரை அனுப்ப ஓர் ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டது. உட்கார இடமில்லை. மசூதி ஜமாத் மதரஸா கூடத்தைக் கொடுத்தது. சுற்றுக் கிராமத்து ஆட்களை ஏற்றிவர ஷூ கம்பெனி ஒன்று வேன் விட்டது. மத்தியானச் சாப்பாடு மாரியம்மன் கோயில்காரர்கள் பொறுப்பு. சீட்டு எழுதுவதும் வரிசையைப் பார்த்துக்கொள்வதும் மகளிர் குழு. இவ்வளவையும் இரண்டே கூட்டத்தில் முடித்துவிட்டார்களாம். பெயர் வைக்கத்தான் நான்கு கூட்டம் ஆயிற்று. மனநல முகாம் என்று போட்டால் ஈ, காக்கை வராது. நிம்மதி முகாம் என்றால் சாவு வீட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கடைசியில் யாரோ ஒரு பெண், தூக்கம் வரவில்லை என்று சொல்ல யாருக்கும் வெட்கமில்லையே என்றிருக்கிறார். அப்படியே வைத்துவிட்டார்கள். முதல் மாதம் பெரியவர் ஒருவர் பாயும் தலையணையுமாக வந்து, எங்கே படுப்பது என்று கேட்டாராம். அவரையும் திருப்பி அனுப்பவில்லை. உட்காரவைத்துப் பேசியபோது, மனைவி இறந்ததிலிருந்து அவர் உண்மையிலேயே தூங்கவில்லை என்று தெரிந்ததாம்.

இதெல்லாம் தெரியாத எனக்கு நோட்டீஸ் தெளிவாக இருந்தது. அம்மாவுக்குத் தூக்கமில்லை. தூக்கத்துக்கு டாக்டர் வருகிறார். அப்பாவிடம் சொன்னேன். "தூக்கம் வரலன்னு யாராச்சும் டாக்டர்கிட்ட போவாங்களா? போய்ப் படி" என்றார். சரி, நாமே போய் மாத்திரை வாங்கிவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆள் வராமல் மாத்திரை தரமாட்டார்கள் என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது. அதனால் நோயாளி நான்தான் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதரஸா கூடத்தில் நல்ல கூட்டம். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று சீட்டு எழுதும் பெண் கேட்டார். அம்மா பின்னால் வருகிறாள் என்றேன். என் முறை வந்தபோது திரைக்குப் பின்னால், என் பள்ளிக்கூட டீச்சரைவிடச் சின்ன வயதாகத் தெரிந்த ஒரு பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த நர்ஸ்.

"சொல்லும்மா, உனக்கு என்ன பண்ணுது?"

"எனக்குத் தூக்கமே வரல டாக்டர்."

"எவ்வளவு நாளா?"

"தம்பி பொறந்ததுல இருந்து. சாப்புடப் புடிக்கல. யார்கிட்டயும் பேசப் புடிக்கல. கொழந்த அழுதாக்கூட எழுந்திருக்க முடியல. பால் குடுக்கவே தோணல."

நர்ஸ் என்னைக் கூர்ந்து பார்த்தார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"குழந்தைக்கு எத்தனை மாசம்?"

"நாலு."

"வீட்டை விட்டு எங்கயாவது போயிடலாம்னு தோணுதா?"

"ஒரு நாள் ஆத்துக்குப் போய்ட்டேன். செருப்பு போட்டுக்கல."

அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டேன். டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது அம்மாவுக்கு வந்திருக்கற ஒரு நோய். நிறையப் பேருக்கு வரும், சரியாகவும் போகும். உன்னால வந்ததில்ல, தம்பியால வந்ததில்ல. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட. இனிமே எங்க வேலை" என்றார்.

நர்ஸ் வெளியே போய்க் காலாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலாவும் அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். சாப்பாடு பரிமாற வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அப்பா வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். நர்ஸைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "இன்னா சொன்ன நீ அங்க போய்?" என்று என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். காலா குறுக்கே வந்து நின்றார். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்பா சைக்கிள் சீட்டின்மேல் வைத்தார்.

"எங்க ஊட்ல யாரும் பைத்தியம் இல்லக்கா."

"எங்க ஊட்லயும் யாரும் இல்ல தம்பி" என்றார் காலா. "ஆனா நான் ரெண்டு வருஷமா இந்த மாதிரி மாத்திரைதான் சாப்புடறேன். தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வேலூர் பஸ் ஏறுவேன். அங்க பாதி நாளு வரிசையில நின்னுட்டு வருவேன். இப்ப அவங்களே இங்க வர்றாங்க. இதுல இன்னா வெக்கம்? நான் பைத்தியமா சொல்லு."

அப்பா சைக்கிள் சீட்டை மறுபடியும் துடைத்தார். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அம்மா நிலைப்படிக்கு வந்து நின்றாள். அவளாக எழுந்து வந்ததைப் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது.

"அக்கா," என்றாள், "தூக்கம் வருமா?"

"வரும் தங்கச்சி. இன்னிக்கே வராது. ஆனா வரும்."

அம்மா குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். முகாம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலா ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம், நடுவில் அம்மா. பத்தடி பின்னால், தெரு பார்க்க, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா நடந்தார். அவர் குழந்தையைத் தெருவில் தூக்கிக்கொண்டு போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலையைப் பிடிக்கத் தெரியவில்லை. நான் கூடவே ஓடிப் பிடித்துக்கொண்டேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மாத்திரை ஒரு மாதம் ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றிக் கொடுத்தார்கள். நர்ஸ் தம்பியை எடை பார்க்கிற சாக்கில் வாராவாரம் வந்து அம்மாவுடன் பேசிவிட்டுப் போவார். பகலில் தம்பி காலா வீட்டில் வளர்ந்தான். அவன் முதலில் பேசியதில் பாதி உருது. மழை வந்த ஒரு சாயங்காலம், வெளியே விளையாடிக்கொண்டிருந்த நான் தம்பி அழுகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். எனக்கு முன்னாலேயே அம்மா அவனைத் தூக்கியிருந்தாள். "இன்னாடி இப்பிடி நனைஞ்சி வர்ற?" என்று என்னைத் திட்டினாள். அடுத்த மாதம் கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் அவளுக்காக நின்றது.

எல்லாம் என் பொய்யால் நடந்தது என்று எனக்கு வெகுநாள் பெருமை. அதைவிடக் காலாவின் பொய்மேல் மரியாதை. பஸ், வரிசை, தங்கச்சி வீடு என்று எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருந்தார்! மறுநாளே அவரிடம் போய், "காலா, நல்லா பொய் சொன்னீங்க" என்று காதில் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்கிட்டதாம்மா கத்துக்கினேன்" என்றார்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு அந்தக் கூடத்துக்குப் போனேன். அம்மா இப்போது அங்கே வரிசையைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி. உள்ளிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கேட்டேயிராத பெயர். பெஞ்சிலிருந்து காலா எழுந்தார். கையில், ஓரமெல்லாம் நைந்த, தடிமனான ஒரு பழைய ஃபைல்.

அப்போதுதான் எனக்குக் கணக்கு கூடியது. நான் டாக்டரிடம் போன அதே வாரம், காலாவின் மூத்த மகளை வாணியம்பாடியிலிருந்து வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பதில் இன்னும் வந்திருக்கவில்லை. அந்தக் கல்யாணம் பிறகு நல்லபடியாக நடந்தது. ஆனால் அது நடக்கும் என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு பேச்சு வாணியம்பாடி போய்ச்சேர அரை நாள் போதும். அப்பாவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அக்கம்பக்கத்து வாசல்களிலெல்லாம் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், காலா நடுத்தெருவில் நின்றுகொண்டு, உள்ளே சுவரில் சாய்ந்திருந்தவளுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.