பதினாலும் இருபத்தேழும்

நான் எங்கள் துறைமுக ஊரான செகண்டியை விட்டுப் போனது ஒரு சனிக்கிழமை. அம்மாவின் சாவுச் சடங்கு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அப்பாதான் என் பையை பஸ் நிலையம் வரை தூக்கி வந்தார். அண்ணன் ஃபீஃபி வரவில்லை. வருவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சடங்கில் அவன் எல்லாரையும்போல வலப்பக்கக் கடைசியிலிருந்து தொடங்கி, உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தான். என் முன்னால் வந்தபோது நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அம்மா படுக்கையில் கிடந்த நான்கு மாதத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவனுக்கு இப்போது என்ன கை? அவன் நீட்டிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு அடுத்தவரிடம் போயிற்று. வரிசை முழுதும் பார்த்தது. அப்பாவும் பார்த்தார்.

என் பஸ் கிளம்பியதும் அவர் நேரே அராபா அக்காவின் லாட்டரிப் பெட்டிக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன சொன்னார் என்பது எனக்கு ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

அராபா எகிர்பா, மார்க்கெட் சாலை வளைவில் நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவர். கார்பன் தாள் வைத்த புத்தகம், தலைத்துணியில் செருகிய பேனா, எப்போதும் லேசாகக் கரகரக்கும் ரேடியோ. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் எத்தனை எண் சொன்னாலும் அதில் எத்தனை ஜோடி என்று நீங்கள் சில்லறை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார். குலுக்கலில் தொண்ணூறு எண்களில் ஐந்து விழும். நாம் கட்டிய ஜோடியின் இரண்டு எண்களும் அந்த ஐந்துக்குள் இருந்தால் ஜெயித்தோம்.

டாக்ஸி ஓட்டும் க்வாமெனா ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டான்.

“அஞ்சு நம்பர் குடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் நாலு ஜோடி. ஐநாலு இருபது. நீ பத்துதான் எழுதியிருக்க. மிச்சம் பத்தை உன் மாமியார் வீட்டுக்கு அனுப்பிட்டியா?”

“எனக்கு மாமியாரே இல்ல. கையை நீட்டு.”

நீட்டினான். குலுக்கினார்.

“இப்ப எத்தனை தடவை கை குடுத்தோம்?”

“ஒரு தடவை.”

“ஏன், நீ எனக்கு ஒண்ணு, நான் உனக்கு ஒண்ணு. ரெண்டுன்னு சொல்லேன்.”

“போறதுக்கும் வர்றதுக்கும் தனித்தனியா வாங்குற ஆளு அவன், விடுக்கா” என்றாள் பின்னால் நின்ற மீன்காரி.

அக்கா கணக்குப் போடுவது அப்படித்தான். முதல் ஆள் வந்து உட்காருகிறான். கை கொடுக்க யாருமில்லை. இரண்டாமவன் வந்தால் ஒரு கை. மூன்றாமவன் இரண்டு, நான்காமவன் மூன்று, ஐந்தாமவன் நான்கு. ஆக மொத்தம் பத்து.

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவர் தனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை. கேட்டால், “சவப்பெட்டி செய்யுறவன் உள்ள படுத்தா பாக்குறான்?” என்பார்.

அப்பாவின் எண்கள் மாறாதவை. மூன்று, ஒன்பது, பதினாலு, இருபத்திரண்டு, இருபத்தேழு. அவர் பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேரும் பிறந்த தேதிகள். சனிக்கிழமைதோறும் பத்து ஜோடி, ஜோடிக்கு எங்கள் ஊர்ப் பணத்தில் ஒரு சீடி. பதினாலு ஃபீஃபி. இருபத்தேழு நான்.

அபிஜான், டாக்கார், மூன்று கப்பல்களின் சமையலறை என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை, அப்பாவோடு கடைக்குப் போனேன்.

“ஒன்பது ஜோடி எழுது, அராபா” என்றார்.

வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். “பத்துப்பா.”

“ஒன்பது” என்றார், என்னைப் பார்க்காமலே.

அக்கா எழுதினார். நான் தலைகீழாகவே வரிகளைப் படித்துக்கொண்டு வந்தேன். எது இல்லை என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அப்பா சீட்டைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கென்கே என்ற சோள உருண்டை வாங்கப் போனார்.

அக்கா காலடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே திணித்து வைத்த சீட்டுகள். முந்நூறுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி.

“நீ பஸ் ஏறின அன்னைக்குத்தான் முதல்முதலா ஒன்பதுன்னார். எதை விடணும் ஐயான்னு கேட்டேன். பதினாலும் இருபத்தேழும் கை குடுக்கறதில்லன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் அதை என் காசுல எழுதினேன். அதுலேருந்து எல்லாச் சனிக்கிழமையும்.”

“ஒரு தடவையாவது விழுந்துதா?”

“ஒரு வாரம் பதினாலு வந்துது. இருபத்தேழு ஊர்ல இல்ல.”

“நீங்கதான் ஆடவே மாட்டீங்களேக்கா.”

“இது ஆட்டமா? அஞ்சு பேர் இருக்கற எடத்துல ஒன்பது கைன்னா கணக்கு உதைக்குது. சோறு இறங்கல எனக்கு.”

“வராம இருந்தது அவன். அவன்தான் முதல்ல பேசணும்.”

அவர் பேனாவை எடுத்துக் கட்டை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“பதினாலு இருபத்தேழுன்னு எழுதறவங்க இருக்காங்க. இருபத்தேழு பதினாலுன்னு எழுதறவங்களும் இருக்காங்க. நான் ரெண்டு விலையா வாங்கறேன்?”

ஒரு சீட்டைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்தேன். டார்க்வா சுரங்கத்தில் வேலை செய்யும் ஃபீஃபிக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘அன்னைக்கு நான் குடுக்காத கை.’

பார்த்துவிட்டான். பதில் இல்லை. அந்த வாரமும் இல்லை, அந்த மாதமும் இல்லை. எனக்கும் வீட்டில் கால் தரிக்கவில்லை. மறுபடி ஒரு கப்பல் கிடைத்தது. கப்பல் நிற்கும் ஊர்களிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு “எத்தனை?” என்பேன். “ஒன்பது. என்னோடது ஒண்ணு” என்பார்.

பதினோரு மாதம் கழித்து, வால்விஸ் பே துறைமுகத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஃபீஃபி.

‘ஊருக்கு வந்திருக்கேன். அப்பாகூட லாட்டரிக் கடையில நிக்கறேன். பத்து எழுதச் சொல்லிட்டார். இருபத்தேழை முன்னால போடச் சொன்னேன். எப்படிப் போட்டாலும் ஒரே வரிதானேடான்னு அராபா அக்கா திட்டறாங்க.’