மொட்டை மனு

பழவேற்காடு ஏரியில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை உண்டு. எங்கள் முறை வந்த நாளில் பக்கத்து வீட்டு ஏழுமலை அண்ணன் வலை கட்டியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டில்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டிங், ஃபிராடு, டிரிக்கரி, டிசெப்ஷன் என்று ‘ஏமாற்று’க்குச் செல்போனில் தேடிக் கிடைத்த வார்த்தையெல்லாம் போட்டு, மீன்வளத் துறை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு மொட்டை மனு தட்டிவிட்டேன். தமிழில் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று நினைப்பு!

பத்தே நாளில் அதன் நகலோடு அண்ணன் எங்கள் வாசலில் நின்றார்.

"விசாரணைக்குக் கூப்ட்டுக்கிறாங்க. நீதான் படிச்ச பொண்ணு. இதுல இன்னா எழுதிக்கீதுனு சொல்லும்மா."

"எங்க முறையில நீங்க வலை கட்டுனீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"அட, உங்க நைனாதான் முதுகு வலினு எங்கிட்ட நாள் மாத்திக்கினாரு! அவரையே கூட்டினு போறேன். வேற இன்னாமோ நிறைய போட்டுக்கீதே?"

நான்தான் எழுதினேன் என்று சொல்லாமல் காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

"அதையேதாண்ணா திருப்பித் திருப்பி எழுதியிருக்காங்க."

நம்பிவிட்டார். படித்துச் சொன்னதற்காகச் சாயங்காலம் இறால் வேறு கொடுத்தனுப்பினார். நைனா ரசித்துச் சாப்பிட்டார். நான் என் பங்கையும் அவர் தட்டிலேயே தள்ளிவிட்டேன்.

என்மேல் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அந்த மனுவில் தேடிப் போட்ட ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, அண்ணன் பெயர்தான் தப்பு.