தவிட்டுக் கஞ்சியும் என் இரும்புச்சத்தும்

சட்டியில் தவிடு வறுபடும் வாசம்... கலியாணம் முடித்து சுவிஸில் டீட்டிகோனுக்கு வந்த முதல் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் வரும்.

மூத்தவள் வயிற்றில். நான் சுத்த சைவம். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இரும்புச்சத்து குறைவு என்று டொக்டர் குளிசை எழுதித் தந்தார்.

என் கணவர் அதோடு நிற்கவில்லை. தவிட்டில் இரும்பு நிறைய இருக்கிறதென்று வேலையிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்களாம். அடுத்த நாளே ஒரு பை கோதுமைத் தவிடு வீட்டுக்கு வந்தது. புட்டில் தவிடு, உப்புமாவில் தவிடு, காலையில் தவிட்டுக் கஞ்சி. குளிசையும் அந்தக் கஞ்சியோடுதான்.

"ஊரில மாட்டுக்குக் கரைச்சு வைக்கிறதல்லோ இது?"

"மாடு படியேறி மூச்சு வாங்கினதை எங்கயாவது பாத்தனீரோ? குடியும்."

குடித்தேன். ஆறு கிழமை கழித்துச் சோதித்தால் இரும்பு இன்னும் இறங்கியிருந்தது!

டொக்டர் எங்களை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்க, இவர் தன் உடைந்த ஜெர்மனில் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றாவது தவிட்டில் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

தவிட்டில் இரும்பு இருப்பது உண்மைதானாம். ஆனால் ஃபைட்டேட் என்ற ஒன்றும் அதிலேயே இருக்கிறதாம். அது இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பில் சேரவிடாமல் வெளியே கொண்டுபோய்விடுமாம். குளிசையில் வரும் இரும்பையும் விடாதாம். தானியத்தை ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அது குறையுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸால் இறங்கும் இடத்தில் இவர் கேட்டார்.

"அப்ப... உம்மட இரும்பைக் களவெடுத்தது நானோ?"

கண் கலங்கியிருந்தது. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றே தவிட்டை நிறுத்தி, தோசைக்கு உழுந்து ஊறப்போட்டார். அரைத்த மா குளிருக்குப் புளிக்க மாட்டேன் என்றது. கட்டடத்தில் வெக்கையான இடம் கீழே உடுப்புக் காயவிடும் அறைதான். சட்டியை அங்கே ஒரு சுவர்த்தட்டில் ஏற்றிவைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் மா பொங்கி வழிந்து, கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மாவின் வெள்ளைத் துவாய்க் கூடைக்குள் இறங்கியிருந்தது. கதவில் ஜெர்மனில் ஒரு துண்டுக் கடிதம்:

"இங்கே ஏதோ உயிரோடு வளர்கிறது. உரியவர் வந்து கூட்டிச் செல்லவும்."

துவாய்களைத் தோய்த்துக் கொடுத்து, கட்டடத்துக்குப் பொதுவான மெஷினில் எங்களுக்கு வரும் தோய்க்கிற முறையையும் இரண்டு தடவை அவவுக்கே விட்டுக்கொடுத்த பிறகுதான் சமாதானம்.

அடுத்த சோதனையில் இரும்பு ஏறியிருந்தது. மகளும் சுகமாகப் பிறந்தாள்.

இப்போது கடையில் பாண் ரொட்டிப் பையிலேயே "நீண்ட நேரம் புளிக்கவைத்தது" என்று அச்சடித்து விற்கிறார்கள். யாரும் மாச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிறங்கத் தேவையில்லை. எல்லாம் லேசாகிவிட்டது...

ஆனால் அப்போது நான் விழுங்கும் ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த மனுசன், இப்போது போனைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்து, கையும் கழுவிவிட்டு வந்து கேட்கிறார்:

"இண்டைக்கு என்ன கறி வைச்சனீர்?"