லீலா மெம்பர் கூட்டிய கிராமசபை

லீலாவை யாராவது வார்டு மெம்பர் என்று கூப்பிட்டால் அவள் புருஷன் கோதண்டத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "மெம்பரம்மா, கொழம்புல உப்பு கம்மியா கீது. தீர்மானம் போடுவியா?" என்பான். அவன் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றுக்கு பஸ் ஓட்டுகிறவன். நான் பக்கத்து வார்டு மெம்பர், பக்கத்து வீடும்கூட. இந்தக் கூத்தெல்லாம் எனக்குத் தினமும் இலவசம்.

லீலாவுக்கு ஒரே பிடிவாதம்: மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் ஏரிக்கரைப் பாதைக்குத் தெருவிளக்கு வேண்டும். செகண்ட் ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண்கள் அந்த இருட்டில்தான் நடக்கிறார்கள். பாதிப் பேர் தெற்கேயிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருப்பவர்கள். போன மாதம் செந்தாமரை என்கிற தென்காசிப் பெண் கால்வாயில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து லீலாவே டார்ச்சும் கையுமாகப் போய் நின்று அத்தனை பேரையும் கூட்டி வருகிறாள்.

வாலாஜாபாத்தில் வார்டு உறுப்பினர்கள் சங்கக் கூட்டம். வரவு செலவு வாசித்தார்கள், சந்தாவை ஏற்றினார்கள், நான் தூங்கிவிட்டேன். லீலா விலாவில் ஒரு இடி இடித்தாள். மேடையில் சங்கத் தலைவர் ரத்தினம் புது விதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவிளக்குக்கு நிதி வந்திருக்கிறதாம். இந்த நவம்பர் கிராமசபையில் தீர்மானம் போடாத ஊருக்குக் கிடையாதாம். அதுவும் ஊர் வாக்காளர் நூறு பேர் உட்கார்ந்திருந்தால்தான் தீர்மானம் செல்லுமாம்.

நூறு பேரா! எங்கள் கிராமசபையில் நாற்காலிகூட அத்தனை கிடையாது.

அந்த நாளும் வந்தது. பந்தலில் இருபது பேரும் இரண்டு ஆடுகளும். ஊரில் பாதி வேலைக்குப் போய்விட்டது, மீதி நைட் ஷிப்ட் முடித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஊராட்சிச் செயலர் மாரிமுத்து, "அரை மணி நேரம் பாக்கறேன்மா. அப்பால ஒத்தி வெச்சிடுவேன்" என்றார். தெருத்தெருவாய்க் கதவைத் தட்டினோம். ஒருத்தன் திறந்தானா? லீலாவின் முகம் தொங்கிப்போனது.

வாசலில் பஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த கோதண்டம் அவளைப் பார்த்தான். இந்த முறை கிண்டல் பண்ணவில்லை.

"இன்னாத்துக்கு கதவைத் தட்டினுகீற? இவனுங்களுக்கு இடி வுழுந்தாலும் கேக்காது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். ஏறு வண்டில."

ஒரு நீளம், இரண்டு குட்டை. தினமும் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்ற அவன் அடிக்கிற அதே ஹாரன்!

ஐயையோ, அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன்! படீர் படீரென்று கதவுகள் திறந்தன. ஒருத்தன் லுங்கியோடு, கழுத்தில் ஐடி கார்டு. இன்னொருத்தன் வாயில் பிரஷ். கனகலட்சுமி தலையில் சீயக்காய் வழிய, கையில் டிபன் பையோடு, "மணி இன்னா ஆச்சு? லேட்டாயிட்டனா?" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. ஏறினார்கள், சீட்டில் சாய்ந்தார்கள், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்று நடை அடித்தான் கோதண்டம். பந்தலில் இறக்கிவிட்டதும் பழக்க தோஷத்தில் வருகைப் பதிவுக்கு மாரிமுத்துவின் மேஜை முன்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

"சார், பஞ்ச் மெஷின் எங்க?" என்று கேட்டான் லுங்கிக்காரன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. புரிந்ததும் வசவு, அப்பப்பா! லீலா நாற்காலிமேல் ஏறி நின்றாள். "திட்டுங்க! நல்லா திட்டுங்க! ஆனா உக்காந்து திட்டுங்க!" உட்கார்ந்தார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாரிமுத்து தலைகளை எண்ணினார், நூறைத் தாண்டியிருந்தது.

லீலா ஏரிக்கரை விளக்கைப் பற்றிச் சொன்னாள். லுங்கிக்காரன் மட்டும், "வெளியூர்ப் பொண்ணுங்களுக்கு இங்க ஓட்டே கெடையாது. அவங்களுக்கு எதுக்கு லைட்டு?" என்றான். கனகலட்சுமி டிபன் பையால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்த நிமிஷம் பந்தல் முழுக்கக் கைகள். அவன் கையும்தான்.

பந்தலுக்கு வெளியே வெயிலில் ஒரு கை தூக்கி நின்றது. செந்தாமரை.

"உனக்கு இங்க ஓட்டு இல்லம்மா, கைய எறக்கு" என்றார் மாரிமுத்து.

"கட்டுப் போட்ட கை சார்" என்றாள் அவள். "தொங்கவிட்டா வலிக்கும்லா."

மாரிமுத்து தீர்மானத்தை எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும்வரை பந்தலில் ஒருவரும் கையை இறக்கவில்லை.