ஏறாத கோப்பும் இறங்காத பதற்றமும்

சர்வர் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மென்பொருள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ரபீக் அண்ணனும் நானும். வாடிக்கையாளர்களின் இயந்திரம் நின்றாலோ சூடானாலோ எங்கள் போன் அலறும். சமீபத்தில் பழைய மென்பொருளை விட்டுப் புதியதற்கு மாறினோம். பழையதில் இருந்த இயந்திரங்களின் விவரங்களை ஒரே கோப்பாக எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர் இம்போர்ட். ஏறாவிட்டால் ‘தோல்வி’ என்று சிவப்பில் வரும். ஏன் என்று மட்டும் சொல்லாது. அந்தச் சிவப்பைப் பார்த்து டீயை ஆறவிட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

அந்தோணியார் ஏற மறுத்தார்

பாம்பனில் சேவியர் அண்ணன் ஐஸ் பிளான்ட்டும் மீன் வைக்கும் குளிர் அறையும் நடத்துகிறார். அவருடைய கோப்பு ஏறவே இல்லை. திறந்து பார்த்தால், ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அண்ணன் தன் சர்வருக்குத் தான் கும்பிடும் புனிதரின் பெயரையே, ‘அந்தோணியார்’ என்று தமிழில் வைத்திருந்தார். புதிய மென்பொருளுக்கு அந்த எழுத்துகள் பிடிபடவில்லை.

“அண்ணே, ‘சர்வர் ஒன்னு’ன்னு மாத்திரவா?” என்று போனில் கேட்டேன். அண்ணன் சொன்னார்: “மாத்திக்க தங்கச்சி. நாளைக்கு மெசின் நின்னா, ‘சர்வர் ஒன்னு’கிட்டயா நான் மன்றாடுறது?”

அந்தோணியாரை ஆங்கில எழுத்தில் அடித்து ஏற்றிவிட்டேன்.

எல்லாம் பச்சை

அடுத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதல் தடவையிலேயே ‘வெற்றி’ என்று வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அங்கே தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜ் இரண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர். மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. விட்டுப்போன பிரிட்ஜ்தான் ஒரு மத்தியானம் நின்றது. திரையில் எல்லாம் பச்சை.

வார்டு பொறுப்பு நர்ஸ் அக்காதான் கதவைத் திறந்தபோது கவனித்து, ஊசி மருந்தையெல்லாம் அடுத்த பிரிட்ஜுக்கு மாற்றினார். ஒன்றும் கெடவில்லை. போனில் நான், “இங்க பச்சையாத்தான்க்கா காட்டுது” என்று இழுத்தேன்.

“அங்கன பச்சையா இருக்கட்டும்மா. இங்கன தண்ணி ஓடுது, யாரு தொடைக்கிறது?”

பாலத்தின் மேல்

சேவியர் அண்ணன் இரண்டாவது குளிர் அறை கட்டினார். அதன் கருவிகளையும் ஏற்ற வேண்டும். பழைய மென்பொருளை அதை விற்ற கம்பெனி நிறுத்திவிட்டது. புதியதில் ஏற்ற ஏற்றச் சிவப்பு. படகுகள் வந்ததும் ஆட்கள் மீனை உள்ளே அடுக்கிவிட்டார்கள். குளிர் போதுமா இல்லையா என்று சொல்ல ஒரு எண்கூடத் திரையில் இல்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். பாம்பன் கடல் பாலத்தின் நடுவே பஸ் நின்றது. பக்கத்து ரயில் பாலத்தைப் படமெடுக்க ஆட்கள் வண்டிகளை ஓரங்கட்டியிருந்தார்கள்.

சேவியர் அண்ணனிடமிருந்து போன் மேல் போன். மடியில் லேப்டாப்பைத் திறந்து கோப்பைப் பார்த்தேன். கருவி எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்களைக் காணோம். எக்செல்லில் திறந்து சேமித்தால் அது முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். ரபீக் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

“எக்செல்ல திறந்தீங்களா?”

“சும்மா பாத்தேன்மா. மூடும்போது சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. மரியாதையா கேக்குதேன்னு சரின்னேன்.”

தொடாத கோப்பை அனுப்பச் சொன்னேன். சிக்னல் வந்து வந்து போனது. எழுந்து நின்று லேப்டாப்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. கோப்பு ஏறியது. குளிர் அறையின் வெப்பநிலை திரையில் தெரிந்தது: சரியாக இருந்தது. லேப்டாப்பை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிக்கெட் கொடுத்தபடி வந்த கண்டக்டர் சொன்னார்:

“கடலப் பாக்க எந்திரிச்சு நிக்கிறவுக உண்டு. கடலுக்குக் கம்ப்யூட்டரக் காட்டுற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

எல்லா இயந்திரங்களும் இப்போது புதிய மென்பொருளில் நலமாக இருக்கின்றன. அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் என்னைக் கண்காணிக்கத்தான் இன்னும் ஒரு மென்பொருளும் வரவில்லை.